பிள்ளை சொல்லிவிட்டது, இனிச் சனத்துக்கு என்ன சொல்வது?

கேள்வி: உப்புவெளி வாசகர், 2025 பெப்ரவரி 3

தம்பிக்கு 26 வயது. போன மாதம், தனக்குப் பெண்களில் விருப்பம் இல்லை, ஒரு பையனோடுதான் பழகுகிறேன் என்று அம்மாவிடம் நேராகச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அம்மா ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, அப்பா அவனோடு கதைப்பதில்லை. பெரியப்பா, கனடாவுக்கு அனுப்பிவிடு, அங்கே போய் என்னவும் செய்யட்டும் என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. திருகோணமலையில் இப்படி ஒரு பிள்ளையை ஏற்றுக்கொண்ட குடும்பம் ஒன்றாவது இருக்கிறதா? இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பெப்ரவரி 3, இரவு

இருக்கிறது. எங்கள் வீடு. இன்னும் சில வீடுகளும் தெரியும், அவை நான் சொல்வதற்குரிய கதைகள் இல்லை.

என் மகளுக்கு இப்போது 31. கொழும்பில் வேலை. மட்டக்களப்புப் பெண்பிள்ளை ஒன்றோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். அது வாடகையைப் பங்கு போடுகிற சிநேகிதம் மட்டும் இல்லை என்பது எனக்கும் இவருக்கும் தெரியும், என் தங்கச்சிக்குத் தெரியும், மற்றச் சொந்தக்காரரில் பாதிப் பேருக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். ஏற்றுக்கொள்வது என்றால் மேளம் அடித்து அறிவிப்பது என்று நினைத்துக் கேட்டால் எங்கள் வீடு அதில் சேராது. பிள்ளை வீட்டுக்கு வருகிறது, சாப்பிடுகிறது, சண்டை பிடிக்கிறது, மற்றப் பிள்ளையும் கூட வருகிறது, அதற்கு நண்டு ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியும். இதைத்தான் கேட்கிறீர்கள் என்றால், ஆம்.

கனடாக் கதை: ஸ்காபரோவில் இரவு நடப்பது உவர்மலையில் காலைத் தேத்தண்ணிக்கு முன் வந்து சேர்ந்துவிடும், அது உங்கள் பெரியப்பாவுக்கும் தெரியும். இங்கே இருக்கிற மாமா மாமிமார் காலத்தோடு கொஞ்சம் நகர்ந்தார்கள், அங்கே போனவர்களில் சிலர் 1985லேயே நின்றுவிட்டார்கள் (எல்லோரும் இல்லை, மச்சாள் இதை வாசித்தால் கோபிக்க வேண்டாம்). தம்பிக்குத் தானாக விருப்பம் இருந்து படிக்கவோ வேலைக்கோ போனால் அது வேறு விஷயம். "அங்கே போய் என்னவும் செய்" என்று அனுப்பினால், எங்கள் கண்ணில் படாதே என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும்.

அதெல்லாம் பிறகு. முதலில் இதைச் சொல்லுங்கள்: அம்மா இதைப் பற்றி யாரோடு கதைக்கிறார்?

பெப்ரவரி 4

"யாரோடும் இல்லை, என்னோடும் இல்லை" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். நினைத்தேன்.

பிள்ளை வாய் திறப்பதற்கு முன் எத்தனையோ வருடம் தனக்குள் வைத்து யோசித்திருக்கும், சிநேகிதரிடம் சொல்லிப் பார்த்திருக்கும், போனில் தேடித் தேடி வாசித்திருக்கும். தாய்க்கு அது ஒரு பின்னேரத்தில் வந்து விழுகிறது. பிள்ளை சொல்லி ஆறிவிட்டது, தாய்க்குச் சொல்லி ஆற ஆள் இல்லை. புருஷனிடம் சொன்னால் வளர்த்த லட்சணம் என்பார், சகோதரியிடம் சொன்னால் நாளைக்குச் சொந்தம் முழுக்கத் தெரியும், கோவிலில் பார்க்கிற சிநேகிதிகளிடம் சொல்லவே முடியாது. பிள்ளைக்கு ஆதரவு கொடுங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதுவேன். ஆனால் தாய்க்கு என்று ஒரு ஆள் கிடைக்காதவரை அவளிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான விஷயம் இதுதான், மற்றதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும்.

எனக்கு அந்த ஆள் தங்கச்சி. நடந்தது இது. கனடா மாப்பிள்ளை ஒருவரின் குறிப்பு வந்தது, பத்துப் பொருத்தத்தில் எட்டு, நான் சந்தோஷத்தில் மகளுக்கு போன் எடுத்தேன். அவள் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். அதற்கு நான் சொன்ன முதல் வார்த்தை, "எட்டுப் பொருத்தம் இருக்கே பிள்ளை." இன்றைக்கும் அவளும் அந்தப் பிள்ளையும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள், புட்டு அவியாமல் போனால் கூட "எட்டுப் பொருத்தம் இருந்ததே" என்பார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. தங்கச்சி வந்தாள், சோறு சமைத்தாள், நான் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல அவளும் திரும்பத் திரும்பக் கேட்டாள். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: "அவளை யாரும் அடித்தார்களா? காசைப் பிடுங்கினார்களா? இல்லைதானே. அப்ப சாப்பிடு."

உங்கள் அம்மாவுக்கும் அப்படி ஒரு ஆளைத் தேடுங்கள். நீங்கள் அந்த ஆளாக இருக்க முடியாது, நீங்களும் பிள்ளைதான், உங்களுக்கு முன்னால் அவர் அழமாட்டார். வாய்க்கட்டுப்பாடு உள்ள ஒரு சித்தி, பழைய சிநேகிதி, பக்கத்து வீட்டு ரீச்சர், யாராவது. தம்பியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், அது அவனுடைய கதையும்தானே.

பெப்ரவரி 4, பின்னேரம்

ஒன்றை விட்டுவிட்டேன். பெற்றோர் சேர்ந்து கதைப்பது என்பது நான் கண்டுபிடித்தது இல்லை. நியூயோர்க்கில் ஜீன் மான்ஃபோர்ட் என்று ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியை. 1972 ஏப்ரலில், உங்கள் தம்பியைப் போன்ற அவருடைய மகன் ஒரு உரிமைப் போராட்டத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான், பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், அந்த வருடம் ஜூன் ஊர்வலத்தில் மகனுக்குப் பக்கத்தில் வாசகம் எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் பிள்ளைகள் ஓடிவந்து, எங்கள் அம்மாவோடும் கதையுங்கள் என்று கேட்டார்களாம். 1973 மார்ச்சில் ஒரு தேவாலயத்தில் முதல் கூட்டம், வந்தது சுமார் 20 பேர். இன்று பிஃப்ளாக் என்று அமெரிக்கா முழுக்க இருக்கும் அமைப்பு அதுதான். அவரிடம் பிள்ளைகள் கேட்ட உதவியைக் கவனியுங்கள்: எங்கள் அம்மாவோடு கதையுங்கள்.

நான் மட்டை பிடித்து டொக்யார்ட் வீதியில் நடக்கப் போவதில்லை, முழங்கால் விடாது.

பெப்ரவரி 6

ஒருவர், அம்மாவுக்கு வீடியோக்கள் அனுப்புங்கள், அறிவியல் விளக்கம் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் அர்த்தநாரீஸ்வரரைக் கொண்டுவந்துவிட்டார், அவர் எப்படியும் வருவார் என்று எனக்குத் தெரியும். தம்பிமாரே, குசினியில் அழுதுகொண்டிருக்கிற தாயிடம் அர்த்தநாரீஸ்வரர் தத்துவம் சொன்னால், "அது சாமி, இது என் பிள்ளை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். என் அனுபவத்தில் விளக்கம் பிந்தித்தான் வேலை செய்யும். முதலில் கேட்க வேண்டியது, வீட்டில் நாளாந்தம் நடக்கிற சில காரியங்கள். தட்டை ஒதுக்கி வைக்காதீர்கள். போனைப் பிடுங்காதீர்கள். அந்தப் பையனின் பெயரைச் சொன்னால் எழுந்து போகாதீர்கள். கேட்காமல் பெண் பார்க்காதீர்கள். அவனுக்கு முன்னால் யாரும் நக்கலாகக் கதைத்தால், விளங்குகிறதோ இல்லையோ, அந்தக் கதையை நிறுத்துங்கள். இதற்கு மனம் மாறியிருக்கத் தேவையில்லை, வாயையும் கையையும் கட்டுப்படுத்தினால் போதும், மனம் தன்பாட்டில் பின்னால் வரும்.

இது என் சொந்த ஞானம் என்றுதான் நினைத்திருந்தேன், பார்த்தால் சான் பிரான்சிஸ்கோவில் கெய்ட்லின் ரயன் என்பவர் குடும்பங்களை வைத்து வருடக்கணக்கில் ஆராய்ந்து ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருக்கிறார். 2009 இல் வந்த அவர்கள் ஆய்வில், வீட்டில் கடுமையாக நிராகரிக்கப்பட்ட பிள்ளைகள், நிராகரிப்பு இல்லாத அல்லது குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட 8.4 மடங்கு கூடுதலாகத் தற்கொலைக்கு முயன்றிருக்கிறார்கள். மகள் அந்த இலக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டவில்லை, நானாகத்தான் பிறகு பார்த்தேன், பார்த்த இரவு நித்திரை இல்லை. அதே ஆய்வில் ஆறுதலான விஷயமும் உண்டு: முழுக்க ஏற்காத வீட்டில்கூட, நிராகரிப்பு கொஞ்சம் குறைந்தாலே பிள்ளைக்கு வரும் ஆபத்தும் குறைகிறது. அதனால் தாய் தகப்பன் தங்கள் சமயத்தை விட்டுவிட வேண்டும், கொள்கையை மாற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்பதில்லை, நடத்தையைத்தான் கேட்கிறார்கள்.

தம்பி தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறானா என்று பாருங்கள். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்துடையது, 24 மணி நேரமும். அதை அவனுடைய போனில் போட்டு வையுங்கள், அம்மாவுடைய போனிலும்.

பெப்ரவரி 9

அப்பா பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அப்பாவுக்கு பொலிஸ் பயம் என்று. இவருக்கும் அதேதான். இவர் யுத்த காலத்தில் எத்தனை சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு நின்றிருப்பார், அந்தப் பயம் உடம்பிலேயே இருக்கிறது, அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் சட்டம் என்னவென்று தெரிந்துகொண்டு பயப்படுவது நல்லது.

1883 ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தாரின் உடலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ என்று இரண்டு பிரிவுகள். 365க்குப் பத்து வருடம் வரை சிறை, 365அவுக்கு வளர்ந்தவர்கள் என்றால் இரண்டு வருடம் வரை. இரண்டும் இன்னும் அமலில் இருக்கின்றன. ஆனால் அவை தண்டிப்பது செயலை, ஒருவர் இப்படிப்பட்டவராக இருப்பதையோ வீட்டில் சொல்வதையோ அல்ல. 2016 இல் உச்ச நீதிமன்றம் இரண்டு ஆண்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், சட்டம் இருப்பதால் குற்றத்தீர்ப்பை விட்டுவைத்தாலும், வளர்ந்தவர்களின் சம்மதத்தோடு நடக்கும் இப்படியான விஷயத்தை அரசு காவல் காக்கக் கூடாது என்ற இன்றைய பார்வையைச் சொல்லி, சிறையை ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன், சட்டத்தைக் காட்டி மிரட்டிக் காசு பறிப்பவர்கள் உண்டு. தம்பியிடம் சொல்லி வையுங்கள், முன்பின் தெரியாதவருக்குப் படம் அனுப்ப வேண்டாம்.

பெப்ரவரி 10

மேலே இரண்டு பேர் எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. ஒருவர், பெண்களுக்கு இந்தச் சட்டம் இல்லை என்கிறார். 1995க்கு முன் 365அ ஆண்களை மட்டும்தான் சொன்னது. அந்த வருடத் திருத்தத்தில் ஆண் என்ற சொல்லை எடுத்தார்கள், அதோடு பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். சீர்திருத்தம் என்ற பெயரில் இப்படியும் நடக்கும். 2004 இல் கொழும்பில், இப்படியானவர்களின் உரிமைக்காக ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பைத் தொடங்கிய ரொசானா ஃபிளேமர் கல்தேரா இதை ஐ.நா. வரை கொண்டுபோனார், 2022 மார்ச்சில் பெண்கள் உரிமைக் குழு அவருக்குச் சாதகமாக முடிவு சொன்னது.

மற்றவர், 2023 இல் சட்டம் போய்விட்டது என்கிறார். போகவில்லை. அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த இந்தச் சட்டத்தை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது, அவ்வளவுதான். நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது.

மார்ச் 2

சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருகிற நாட்கள். வாசலில் நிறைகுடம் வைத்தால் சாமிக்கு முன்னாலேயே சொந்தக்காரர் வந்துவிடுவார்கள். "மூத்தவளுக்கு இன்னும் ஒன்றும் சரிவரேல்லையோ?" என்ற கேள்வியும் கூடவே வரும். உப்புவெளி வாசகர் நேற்றுக் கேட்டதும் இதுதான்: அம்மா ஓரளவு சாப்பிடுகிறார், பழைய சிநேகிதி ஒருவரிடம் சொல்லியும் விட்டார், ஆனால் வெளியே போகப் பயப்படுகிறார், சனம் கேட்டால் என்ன சொல்வது?

இது சின்னக் கேள்வி இல்லை. பெரும்பாலான தாய் தகப்பன் பிள்ளையைக் கண்டு பயப்படுவதில்லை, வாசலில் வருகிற இந்தக் கேள்வியைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். கையில் ஒரு பதில் இருந்தால் பயத்தில் பாதி போய்விடும். நாங்கள் பல பதில்களைப் போட்டுப் பார்த்தோம். "படிக்கிறாள்" என்பது கொஞ்சக் காலம் ஓடியது, இரண்டாவது பட்டத்தோடு அது செத்துப்போனது. "ஜாதகத்தில் தோஷம்" என்று சொல்லிப் பார்த்தேன், மறுநாளே ஒருவர் பரிகாரம் செய்கிற ஆளின் இலக்கத்தோடு வந்துவிட்டார், தோஷம் மட்டும் சொல்லாதீர்கள். "கடவுள் விட்ட வழி" என்றால் பரிதாபப்படுவார்கள், அதைப் பிள்ளை கேட்டால் அதற்கு வலிக்கும். கடைசியில் நின்றது இதுதான்: "அவள் சந்தோஷமாக இருக்கிறாள், கலியாணம் நாங்கள் பார்க்கவில்லை." முழுதும் உண்மை, யாருக்கும் எதையும் அவிழ்த்துக் காட்டவும் இல்லை. "ஏன்?" என்று கேட்டால், "சுண்டல் எடுங்கோ."

சிரிக்காதீர்கள், இதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகினேன். பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் முதல் தடவை சொன்னபோது குரல் நடுங்கியது. இப்போது மரக்கறி விலை சொல்கிற மாதிரி வருகிறது.

ஒன்று மட்டும் கவனம்: எந்தப் பதில் சொல்லலாம், யாருக்கு எவ்வளவு சொல்லலாம் என்பதைத் தம்பியோடு இருந்து முடிவு செய்யுங்கள். என் மகள் "அப்பா பக்கத்துச் சொந்தத்துக்கு வேண்டாம், அம்மம்மாவுக்கு நானே சொல்கிறேன்" என்றாள். அம்மம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது, "அந்தப் பிள்ளை சமைக்குமோ?" 88 வயது.

மார்ச் 16

நான்காம் கட்டைப் பக்கத்து ஒரு தகப்பன் எனக்குத் தனியாக எழுதியிருந்தார், விபரம் சொல்லமாட்டேன். அவர் கேட்டது: "நீங்கள் தாய்மார் அழுதுவிடுவீர்கள், நாங்கள் என்ன செய்வது?" நியாயமான கேள்வி.

இவர் நெடுங்காலம் மகளோடு இந்த விஷயம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. நான் அதைக் கோபம் என்று எடுத்தேன், மகள் வெறுப்பு என்று எடுத்தாள். பிறகு மெல்ல மெல்லத்தான் தெரிந்தது, அவருக்கு என்ன கேட்பது என்றே தெரியவில்லை. ஆண்களுக்கு இதைக் கதைக்கிற இடம் இல்லை. துறைமுகத்தில் கூட வேலை செய்தவர்கள், விளையாட்டுக் கழகம், பின்னேரம் டச்பே கரையில் நடக்கிற கூட்டம், எல்லா இடத்திலும் இந்த விஷயம் வந்தால் பகிடியாகத்தான் வரும். அங்கே எப்படி வாயைத் திறப்பது? ஒரு நாள் அந்தக் கூட்டத்தில் ஒருவர் வழக்கமான பகிடியை விட, இவர் "இதை விடும், எங்கட வீட்டிலும் பிள்ளையள் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான் சொன்னார். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது கை நடுங்கியது. நான் அதை மகளுக்கு போனில் சொன்னேன், அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "அப்பாவிடம் போனைக் கொடு" என்றாள். இருவரும் கதைத்தது மழையைப் பற்றி.

தகப்பனிடம் மனத்தைத் திற என்று கேட்காதீர்கள், அது எங்கள் ஆம்பிளைகளுக்கு வராது. பகிடி விடுகிற இடத்தில் சிரிக்காமல் இருங்கள் என்று கேளுங்கள். அது அவர்களால் முடியும்.

ஏப்ரல் 15

புதுவருடம். இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மருத்துநீர் வைத்து முழுகி, பொங்கிப் படைத்து, சுபநேரம் பார்த்து இவர் கைவிசேஷம் கொடுத்தார். வெற்றிலையில் காசு வைத்து மகளுக்கு, அடுத்தது மகனுக்கு, மருமகளுக்கு, அதே தொகையை அதே வரிசையில் அந்தப் பிள்ளைக்கும். ஒன்றும் சொல்லவில்லை. அது காலில் விழுந்து கும்பிட்டது. மருமகள் என்னைப் பார்த்தாள், நான் பாயாசத்தைப் பார்த்தேன்.

பாயாசம் அடிப்பிடித்துவிட்டது, அது வேறு கதை.

ஏப்ரல் 23

பாப்பரசர் பிரான்சிஸ் திங்கட்கிழமை காலமானார். நான் சைவம், ஆனால் பாலையூற்றுப் பக்கத்துக் கத்தோலிக்கத் தாய் ஒருவர் இந்த இழையை வாசிக்கிறார் என்று தெரியும், அவருக்காக: 2022 ஜனவரியில் ஒரு பொது உரையில், இப்படியான பிள்ளைகள் உள்ள பெற்றோர் அவர்களைக் கண்டனம் செய்து ஒளிந்துகொள்ளாமல் கூடவே நடக்க வேண்டும் என்று அவர் சொன்னார். அடுத்த வருடம், இது குற்றம் அல்ல என்றும் வெளிப்படையாகச் சொன்னார். அதோடு சேர்த்து, திருச்சபை அதைப் பாவமாகக் கருதுவதையும் அவர் மறைக்கவில்லை. உங்கள் பங்கு சுவாமியார் என்ன சொல்வார் என்று எனக்குச் சொல்ல முடியாது, ஆனால் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்ற அளவுக்காவது இது உதவும்.

கிண்ணியாவிலிருந்து எழுதிய தங்கச்சிக்கு: உங்கள் மார்க்கத்தைப் பற்றி நான் கதைப்பது அழகில்லை. உங்கள் உம்மாவும் என்னைப் போலத்தான், "சாப்பிட்டியா" என்று கேட்பதை நிறுத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் பதில் சொல்லுங்கள், கோபத்தில் இருந்தாலும்.

மே 17

இன்றைய திகதிக்கு ஒரு காரணம் உண்டு. 1990 மே 17 அன்றுதான் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து, ஒரே பாலினத்தாரை விரும்புவதை எடுத்தது. அமெரிக்க மனநல வைத்தியர்கள் 1973லேயே எடுத்துவிட்டார்கள். ஆக, என் மகள் பிறப்பதற்கு முன்னாலேயே இது நோய் இல்லை என்று முடிவாகிவிட்டது.

அப்படியிருந்தும் சொந்தக்காரர் ஒருவரின் பிடிவாதத்தில் அவள் ஒரு தனியார் வைத்தியரிடம் போனாள், அப்பாவின் மனத்துக்காகப் போகிறேன் என்றுதான் போனாள். அவர் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, மாறிவிடும் என்று மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையில் அவள் வேலை மேசையிலேயே நித்திரையானாள், சம்பளம் வெட்டுப்பட்டது, வேறொன்றும் மாறவில்லை. பிறகு ஒருவர் நூல் கட்டினார், ஐயாயிரம் ரூபாய். நூலாவது உடம்புக்குக் கெடுதல் செய்யவில்லை.

வைத்தியரிடமே போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் அம்மாவுக்கு நித்திரை இல்லை, தலைச்சுற்று என்றால் அம்மாவைக் கூட்டிப் போங்கள். தம்பிக்கு மனச்சோர்வு என்றால் அதற்குப் போங்கள். "இதை மாற்றித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும், வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாலும், எழுந்து வாருங்கள். இந்தியாவில் இப்படி மாற்ற முயல்வதைத் தொழில் ஒழுக்கக் கேடு என்று 2022 இல் தேசிய மருத்துவ ஆணையமே சொல்லிவிட்டது.

ஜூன் 8

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு பற்றிக் கேட்டவர்களுக்கு. இரண்டைக் குழப்பாதீர்கள்.

முதலாவது 2021 ஜூன். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள், காணவில்லை என்று பெற்றோர் பொலிசில் முறைப்பாடு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டுப் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதினார். பெற்றோரையும் அவரிடம் அனுப்பினார். அந்த உளவியலாளரின் அறிக்கையில் ஒன்று இருக்கிறது: பிள்ளைகள் ஒரு பெண்ணோடு வாழ்வதைவிட வாழ்நாள் முழுக்கத் தனியாக இருந்தால் அது மரியாதை என்று அந்தப் பெற்றோர் நினைத்தார்களாம். மகள் அதை எனக்கு வாசித்துக் காட்டி, யாருடைய குரல் மாதிரி இருக்கிறது அம்மா என்றாள். என் குரல்தான். "கலியாணம் வேண்டாம், இவள் ஒருத்தியோடும் இருக்க வேண்டாம், வந்து எங்களோடு இரு" என்று நானும் சொல்லியிருக்கிறேன். மதுரையோ திருகோணமலையோ, தாய்மாருக்கு ஒரே வசனத்தை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் போல.

இரண்டாவது, இப்போது மே 22 அன்று வந்தது. 25 வயதுப் பெண் ஒருத்தியை வீட்டார் பலவந்தமாகக் கூட்டிப்போய் அடித்து, "சாதாரணமாக" மாற்றச் சடங்குகள் செய்வித்திருக்கிறார்கள். நீதிபதிகள் சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும் அவளைத் தன் துணையோடு போக விட்டு, வீட்டார் தலையிடக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். கலியாணம் ஒன்றுதான் குடும்பத்தை உண்டாக்கும் என்று இல்லை, தேர்ந்தெடுத்த உறவும் குடும்பம்தான் என்கிறது தீர்ப்பு. எங்கள் நாட்டில் இது செல்லாது, ஆனால் தமிழில் இதைப் பற்றிக் கதைக்கலாம் என்றாவது ஆகியிருக்கிறது.

இதை வாசித்த பிறகு பெப்ரவரியில் கனடாவைப் பற்றி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. எல்லா வீடும் எங்கள் வீடு இல்லை. கை நீட்டுகிற வீடு, பூட்டி வைக்கிற வீடு, பலவந்தமாகக் கலியாணம் செய்து வைக்கிற வீடு என்றால், பிள்ளை போகத்தான் வேண்டும், கொழும்போ கனடாவோ. அந்த வீட்டில் இருந்து ஏற்றுக்கொள்ளும்வரை பொறு என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, படிப்புச் சான்றிதழ்கள் இந்த மூன்றும் பிள்ளையின் கையில் இருக்கட்டும், அப்பாவின் அலுமாரியில் வேண்டாம். வேறொரு பெண்ணைக் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்கிறவர்களுக்கு: அந்தப் பெண்ணும் ஒரு வீட்டுப் பிள்ளை, அவள் தாயும் எங்கோ இருந்து குறிப்புப் பார்த்திருப்பாள்.

உப்புவெளி வாசகரின் வீடு அப்படி இல்லை. சாப்பிடாமல் இருக்கிற அம்மாவும் கதைக்காத அப்பாவும் உள்ள வீட்டில் இன்னும் செய்ய இடம் இருக்கிறது.

ஜூன் 21

அம்மா என்னோடு கதைக்க வேண்டும் என்கிறார் என்று தனியாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக. இலக்கத்தை உங்களுக்கு அனுப்பிவிட்டேன், இங்கே போடவில்லை. பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள், ஏழுக்குப் பிறகு வேண்டாம், நாடகம். வீட்டு லைனில் எடுத்தால் இவர் எடுப்பார், "பொறுங்கோ" என்று வைத்துவிட்டு மறந்துவிடுவார், அதனால் கைபேசிக்கே எடுக்கட்டும். முதல் தடவை விஷயத்துக்கு வர முடியாவிட்டால் மீன் விலை கதைக்கலாம், எனக்கு அவசரம் இல்லை.